மடியில் வைத்துக் கொண்டுபோன பம்பு

எனக்குக் கல்யாணமாகி நான் காரைக்குடிக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு செட்டியார் வீட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கார் அல்ல. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் மேல்மூடி இல்லாத மரத்தொட்டி. செட்டியார் வீட்டில் அதைப் ‘பிக்கப்பு’ என்பார்கள். நாங்கள் குடியிருந்த செக்காலையில் எல்லாருக்கும் அது குட்டி லாரி. முதலாளி வீட்டார் இருக்கிற வீடு போதாதென்று இன்னொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வேண்டிய சாமான்களெல்லாம் அந்த வண்டியில்தான் வந்து இறங்கும். தொண்டியில் கப்பலில் வரும் சரக்கு, மானாமதுரை ஓடு, மதுரைக் கடைகளிலிருந்து இரும்புச் சாமான் என்று மாதத்தில் பாதி நாள் அவர் ரோட்டில்தான் இருப்பார்.

நாங்கள் இருந்தது ஒரு வளவு. நடுவில் கிணறும் முற்றமும், சுற்றி வரிசையாக அறைகள். எங்களுக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் தேவகோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவரும் அவர் மனைவியும். அவர்கள் வீட்டில் காலையில் எழுந்ததிலிருந்து சண்டைதான். சண்டை ஓய்ந்ததும் சிரிப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் அறையில் சண்டையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கையை ஓங்கியதில்லை. கள்ளுக்கடைக்குப் போனதில்லை. போட்டதைச் சாப்பிடுவார். குழம்பில் உப்புக் கூடிவிட்டால்கூடச் சொல்லமாட்டார். ஒரு செம்பு தண்ணீர் அதிகமாகக் குடிப்பார், அதை வைத்து நானாகத் தெரிந்துகொள்வேன். ‘போயிட்டு வாரேன்’ என்பார். வந்ததும் ‘தண்ணி வையி’ என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் எங்கே போனார், யாரைப் பார்த்தார், எந்த மரத்தடியில் படுத்தார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் கேட்டேன். ‘ஆமா’ என்றோ ‘இல்ல’ என்றோ வரும். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். பேசத் தெரியாதவர் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது வருஷத்துச் சித்திரையில் வண்டிக்குக் கோளாறு வந்தது. சமதரையில் நன்றாகத்தான் ஓடும். மேடு வந்தால் இருமும், குலுக்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. முற்றத்தில் கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

“பம்புதான். பெட்ரோல சரியா இழுக்கல” என்றார் இவர்.

“மருதைக்கு எழுதிப் புதுசு வரவழைச்சுருங்கண்ணே. நடுவழியில விட்டுச்சுன்னா சிரமம்” என்றார் கண்டக்டர்.

“எழுதச் சொல்லியிருக்கேன். வரட்டும்.”

பம்பு என்றதும் எனக்குக் கிணற்றடிதான் நினைவுக்கு வந்தது. பெட்ரோலுக்கும் பம்பு உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

புதுப் பம்பு வருவதற்குள் தொண்டிக்குப் போகவேண்டிய வேலை வந்துவிட்டது. புது வீட்டு ஜன்னல்களுக்கான கண்ணாடி கப்பலில் வந்து கிடக்கிறது, ஆள் கையிலும் காலிலும் பட்டு உடைவதற்குள் எடுத்துவரவேண்டும் என்று முதலாளி வீட்டில் அவசரப்படுத்தினார்கள். விடிந்ததும் புறப்பட்டார். மறுநாள் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் கண்டக்டர் வந்து எங்கள் வாசலில் நின்றார். “தங்கச்சி, பயப்படாதீக. அண்ணன் வண்டி திருவாடானை ரோட்டுல கண்மாய்க்கரைகிட்ட நிக்கிது. பம்பு சுத்தமாப் போயிருச்சாம். தொண்டிப் பஸ்ஸுக்காரங்க சொல்லிவிட்டாக. புதுப் பம்பு வந்ததும் யார்கிட்டயாச்சும் குடுத்துவிடச் சொல்லி செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லணும்னாக” என்றார்.

“அவுக எப்புடி இருக்காக?”

“நல்லாத்தான் இருக்காக. வண்டிய விட்டுட்டு வரமுடியாதுல்ல.”

அன்று பொழுது போகவில்லை. சமைத்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர் ரோட்டில் இருப்பது புதிதல்ல. ஆனால் மற்ற நாட்களில் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இன்றைக்குத் தெரிகிறது. ஒரு கண்மாய்க்கரை. நான் பார்க்காத கண்மாய், ஆனாலும் எங்கோ இருக்கிற ஓர் இடம். அங்கே அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இங்கே நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் செட்டியார் வீட்டுக்குப் போனேன். வீட்டு ஆட்களெல்லாம் அரியக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். முகப்பில் கணக்கப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தரையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

“பம்பு காலைப் பஸ்ஸுலதான் மருதையிலேருந்து வந்துச்சு” என்றார். “இன்னைக்கு அனுப்ப ஆளு இல்லத்தா. வீட்டைப் போட்டுட்டு நானும் போகமுடியாது. கல்யாண வீட்டுலேருந்து நாளைக்கு ஆளுக வந்துருவாக. அனுப்பிருவோம்.”

“குடுங்கய்யா. நான் கொண்டுக்கிட்டுப் போறேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நீயா? தனியாவா? பஸ்ஸு மாறிப் போகணும். அது ஊரு உலகம் இல்லாத பொட்டல்.”

“பக்கத்து வீட்டு அண்ணன்தான் பஸ்ஸு கண்டக்டரு. ஏத்திவிடுவாக.”

எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பிறந்த ஊரிலிருந்து செக்காலைக்கும், செக்காலையிலிருந்து பிறந்த ஊருக்கும் தவிர நான் எங்கும் போனதில்லை. அதுவும் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான். கணக்கப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். “கீழ போட்டுறாத. உள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கு” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு படி அரிசி கனம்கூட இராது. வழியில் அட்டையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, வெள்ளையும் கறுப்புமாக ஓர் இரும்பு உருண்டை. மேலே சின்னக் கண்ணாடிக் கிண்ணம். பக்கத்தில் ஒரு நெம்புகோல் கையை நீட்டினாற்போல் நீட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன சாமானா அந்தப் பெரிய வண்டியை நிறுத்திவைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

தேவகோட்டையில் கண்டக்டர் என்னைத் தொண்டிப் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார். அந்தப் பஸ் கண்டக்டரிடம், “நம்ம தங்கச்சி. கண்மாய்க்கரைக் கஞ்சிக்கடைகிட்ட எறக்கிவிட்டுருங்க. சாயங்காலம் திரும்பி வாரப்ப வேணும்னா ஏத்திக்கிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் தாண்டியதும் வீடுகள் குறைந்துபோயின. பனைகளும் உடைமரங்களும் வெடித்துக் கிடந்த வயல்களும்தான். போகப்போக எனக்குள் ஏதோ ஓர் உற்சாகம். அவர் என்னைப் பார்த்ததும் என்ன சொல்வார்? ‘நீ எதுக்கு வந்த’ என்று அதட்டுவார். அதட்டினால்கூடப் பரவாயில்லை. பம்பை மாட்டும்வரை நான் பக்கத்தில் நிற்பேன். வண்டி கிளம்பியதும் அந்த இரண்டாள் ஸீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டிக்குப் போவேன். கடலைப் பார்ப்பேன். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அந்த வண்டியில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

பஸ் நின்றது. “எறங்குங்கம்மா, இதுதான்.”

இறங்கினேன். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியதும் பார்த்தேன். வண்டி இல்லை.

ரோட்டின் ஒரு பக்கம் வற்றிப்போன கண்மாயின் கரை. இன்னொரு பக்கம் பொட்டல். கரையோரம் சக்கரம் நின்றிருந்த தடம், அணைகொடுத்த இரண்டு கற்கள், மண்ணில் ஒரு கறுப்புக் கறை. பெட்ரோல் வாடைகூட இன்னும் போகவில்லை. தப்பான இடத்தில் இறங்கவில்லை. இங்கேதான் நின்றிருக்கிறது. பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு அந்தக் கறையையே பார்த்தபடி நின்றேன். வெய்யில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. காற்று ஒரே சீராக அடித்தது. மனிதச் சத்தம் ஒன்றும் இல்லை.

“யாரத்தா அது? அங்கிட்டு எதுக்கு வெய்யில்ல நிக்கிற?”

கரைக்குக் கீழே பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகையின் முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் அகப்பை.

“காரைக்குடியிலேருந்து வாரேன். இங்கன ஒரு குட்டி லாரி நிண்டுச்சாமே.”

“நிண்டுச்சு. காலையிலதான் போச்சு. நீ அதுக்கு யாரு?”

“ஓட்டுறவுக பொஞ்சாதி.”

அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி வந்தாள். என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “வா, நெழலுக்கு வா” என்று தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். காலையில் அந்த வழியாக வந்த ஒரு பஸ் டிரைவர் நிறுத்திப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த ரப்பர்க் குழாயைக் கொடுத்திருக்கிறார். “வண்டிக்கு மேல ஒரு தகர டின்னக் கட்டி, பெட்ரோல அதுல ஊத்தி, கொழாயி வழியா நேரா இஞ்சினுக்கு எறக்கிவிட்டுட்டாக. பம்பு இல்லாட்டியும் மேலருந்து தானா எறங்கிரும்னாக. டின்னு காலியாகக் காலியா நிப்பாட்டி ஊத்திக்கிரணுமாம். தொண்டிக்குத்தான் போச்சு. நீ வாரது தெரியாதேத்தா.”

தெரியாதுதான். நான் வருவேன் என்று அவர் எப்படி நினைப்பார்?

அவள் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். துவையல் வைத்தாள். அந்தக் கொட்டகையில் அவள் ஒருத்திதான். புருஷன் பனையேறப் போய்விடுவான், பொழுதுசாயத்தான் வருவானாம். மாட்டுவண்டிக்காரர்களும் பஸ்காரர்களும் எப்போதாவது நிற்பார்களாம்.

“தம்பி இருந்த வரைக்கும் எனக்குப் பொழுது போனதே தெரியல” என்றாள். “என்னமாப் பேசுது!”

அவள் வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். “யாரு?”

“ஒன் வீட்டுக்காரருதான், வேற யாரு? வாயி ஓயல. ஒங்க மொதலாளி வெத்தலைய அடக்கிக்கிட்டுப் பேசுவாராமே, அத அப்புடியே செஞ்சு காட்டுச்சு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்த வலிச்சுப்போச்சு. மொத மொத வண்டி ஓட்டப் படிச்சப்ப ஆட்டுக்கிடைக்குள்ள விட்ட கதையச் சொல்லுச்சு. சாயங்காலம் கரையில உக்காந்து பாட்டுக்கூடப் படிச்சுச்சு. நல்ல தொண்ட.”

கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தேன். அவர் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. முதலாளிக்கு வெற்றிலை அடக்கும் பழக்கம் உண்டென்பதுகூட எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள். “பிள்ளையப் பத்தியும் சொல்லுச்சு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“மானாமருதப் பக்கம் போறப்பல்லாம் பிள்ளையப் பொதச்ச மரத்துக்கிட்ட வண்டிய நிப்பாட்டிருமாம். எறங்கிச் செத்த நேரம் நிண்டுட்டுத்தான் போகுமாம். ஒரு நா மழை ஊத்துறப்பகூட நிண்டுச்சாம். சொல்றப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பிக்கு. ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்” என்றேன்.

தெரியாது. முந்தின வருஷம் தலைப்பிரசவத்துக்கு என்னை மானாமதுரைப் பக்கம் வைகைக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. ஆண்பிள்ளை. அப்பாவும் சித்தப்பாவும் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் காட்டவில்லை. காட்டக்கூடாது என்றார்கள். இவர் சேதி கேட்டு மறுநாள் வந்தார். நான் படுத்திருந்த அறையின் நிலையில் வந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் திரும்பிப் போய்விட்டார். நான் மூன்று மாதம் கழித்துச் செக்காலைக்கு வந்தபோதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவருக்கு அது ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு, செக்காலை அறையில் அவருக்குச் சோறு போட்டேன், அவர் வேட்டியைத் துவைத்தேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்தக் கொட்டகையில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர்மேல் வந்ததைவிட, எனக்குக் கஞ்சி ஊற்றிய அந்த அம்மாள்மேல் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி. மூன்றே நாள். என் பிள்ளைக்காக அவர் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

“தொண்டிக்குப் போறதுன்னா மத்தியானப் பஸ்ஸு இருக்கு” என்றாள் அவள்.

“வேணாம். அங்க எங்கெயின்னு தேடுறது.”

சாயங்காலப் பஸ் வரும்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்வதைப்போல ‘ஆமா’, ‘இல்ல’ என்றேன். பஸ் ஏறும்போது அவள் ஓலைப்பெட்டியில் கொஞ்சம் கருப்பட்டி வைத்துக் கொடுத்தாள். அதையும் பம்பையும் மடியில் வைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் செக்காலைக்கு வந்து சேர்ந்தேன். கண்டக்டர் மனைவி, “அண்ணனப் பாத்தீகளா?” என்று கேட்டாள். “பாத்தேன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அவர் வருவதற்கு மேலும் சில நாளாயிற்று. அந்த நாட்களில் நான் யாரோடும் பேசவில்லை. பம்பு அடுப்படிக்குப் பக்கத்தில் சுவரோரம் அட்டைப்பெட்டியில் இருந்தது. கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வேறென்னவோ ஆகிவிட்டது. அவர் மழையில் நின்றார் என்று அந்த அம்மாள் சொன்னாளே, அது எந்த மழை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்தார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்காக இருக்கலாம்.

ஒரு காலையில் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குட்டி லாரி வந்துகொண்டிருந்தது. கூரைமேல் கயிற்றால் கட்டிய தகர டின், அதிலிருந்து முன்பக்கம் தொங்கிய ரப்பர்க் குழாய். வளவுப் பெண்கள், “லாரிக்குக் காச்சலா? பாட்டில்ல மருந்து ஏறுது” என்று கேலி பேசினார்கள். அவர் இறங்கினார். முகம் கறுத்து, தாடி வளர்ந்திருந்தது. கண்ணாடிகளை முதலாளி வீட்டில் பத்திரமாக இறக்கிவிட்டு வந்திருந்தார்.

“தண்ணி வையி” என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் அட்டைப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“பம்பு வந்துருச்சா. கணக்கப்பிள்ள இங்க குடுத்துவிட்டாரா?”

“நான்தான் போயி வாங்குனேன். கண்மாய்க்கரைக்கும் கொண்டுக்கிட்டு வந்தேன். நீங்க அன்னைக்குக் காலையிலதான் கெளம்பிப் போயிட்டீகன்னு அந்தம்மா சொன்னாக.”

அவர் செம்பைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். “அங்குட்டா வந்த? தனியாவா?”

“ஆமா.”

செம்பைக் கீழே வைத்தார். அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். அதற்குமுன் அவர் வண்டி வேலை செய்யும்போது நான் பக்கத்தில் போய் நின்றதில்லை. அன்றைக்குப் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், போ என்று சொல்லவில்லை.

இஞ்சின் மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்தார். பழைய பம்புக்கு இரண்டு பக்கமும் இருந்த குழாய்களைக் கழற்றினார். இஞ்சினோடு அதைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பை வெளியே எடுத்துப் பிரித்துக் காட்டினார். நான் கேட்காமலே காட்டினார். நடுவில் வட்டமாக ஒரு துணி. ரப்பர் பூசிய கெட்டித் துணி. ஓரத்தில் ஒரு கிழிசல்.

“இஞ்சின் ஓட ஓட இந்த நெம்புகோலு ஆடும். இது ஆடுனா இந்தத் துணி மேலயும் கீழயும் போகும். கீழ போறப்ப பின்னால டாங்கியிலேருந்து பெட்ரோல இழுக்கும். மேல வாரப்ப முன்னால தள்ளும். துணி கிழிஞ்சா எப்புடி இழுக்கும்? காத்தத்தான் இழுக்கும்.”

“பெட்ரோலு எங்க போகும்?”

“கிழிசல் வழியா உள்ள எறங்கி இஞ்சின் எண்ணெயோட கலந்துரும். அந்த எண்ணெயையும் தொண்டியிலயே கொட்டிட்டுப் புதுசு ஊத்திட்டேன். இல்லாட்டி இஞ்சினே போயிருக்கும்.”

என்னிடம் அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. நான் போல்ட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்டபோது கொடுத்தேன். புதுப் பம்புக்கு அடியில் வைக்கும் அட்டையில் அவர் விரலால் எண்ணெய் தடவினார். பம்பைப் பொருத்திக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்கினார். ஒரு பக்கமே முடுக்கினால் கோணிக்கொண்டு கசியுமாம்.

நான் மெதுவாகச் சொன்னேன். “அந்தம்மா நீங்க பேசுனதெல்லாம் சொன்னாக.”

ஸ்பானர் நின்றது. மறுபடி திரும்பியது. “என்ன சொல்லுச்சு?”

“எல்லாந்தான். மரத்துக்கிட்ட நிக்கிறது வரைக்கும்.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. “சும்மா உக்காந்திருந்தமா, அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சொன்னேன்.”

“நான் கேக்கமாட்டேனா?”

குழாயின் முனையை மாட்டித் திருகிக்கொண்டே இருந்தார். முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. “அது நாளைக்கு மறந்துரும்” என்றார். “ஒங்கிட்டச் சொன்னா நீ வச்சுக்கிட்டே இருப்ப. ஒனக்கு இருக்கறது பத்தாதா?”

கழற்றிப் போட்ட பழைய பம்பை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “நீ வாரன்னு தெரிஞ்சிருந்தா நிண்டிருப்பேன்” என்றார். சொல்லிவிட்டு முன்னால் போய், இஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை மாட்டிச் சுழற்றினார். மூன்று நான்கு சுற்றுக்குக் கண்ணாடிக் கிண்ணம் காலியாகவே இருந்தது. அப்புறம் அதற்குள் பெட்ரோல் வந்து நிறைவதைப் பார்த்தேன். வண்டி கிளம்பியது. கூரையிலிருந்த டின்னை அவர் அவிழ்த்துக் கீழே வைத்தார்.

அதன்பிறகு எங்கள் அறையில் பேச்சுப் பெருகிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. நான் ஏதாவது ஆரம்பிப்பேன், அவர் கேட்பார், அதோடு நின்றுவிடும். பாடச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது. அவராகப் பாடவும் இல்லை. தெரியாமல் இருந்தபோது இருந்த தனிமை ஒருவிதம். தெரிந்தபிறகு இருந்தது வேறுவிதம். அவர் பேசக்கூடியவர், சிரிக்க வைக்கக்கூடியவர் என்று தெரிந்துகொண்டு அவர் எதிரில் பேசாமல் உட்கார்ந்திருப்பது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆடியில் மானாமதுரைக்கு ஓடு ஏற்றப் போகவேண்டியிருந்தது. புறப்படும்போது வாசலில் நின்று, “ஒங்க ஊரு வரைக்கும் வாரியா?” என்று கேட்டார். நான் சேலை மாற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஸீட்டில் அன்றுதான் உட்கார்ந்தேன். இஞ்சின் சூடு காலில் அடித்தது. காளையார்கோவில் தாண்டி, சிவகங்கை தாண்டிப் போனோம். மேட்டிலும் வண்டி இருமாமல் ஏறியது. “பாத்தியா” என்றார் ஒரு தடவை. “பாத்தேன்” என்றேன். மற்றபடி இஞ்சின் சத்தம்தான்.

எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றுக் கால்வாய் ரோட்டோரமாக வரும் இடத்தில், கேட்காமலே வண்டியை நிறுத்தினார். இறங்கினோம். கால்வாய்க்கு அப்பால் ஒரு மருதமரம். அவர் அதன் அடிக்குப் போய் நின்றார். “இதுதான்” என்றார். “அன்னைக்கு ஒன் சித்தப்பா ரோட்டுலேருந்து கையக் காட்டுனாக.”

நான் அந்த மரத்தைப் பார்த்தேன். கால்வாயோரமாகக் கொஞ்சதூரம் தள்ளி நின்ற புங்கமரத்தையும் பார்த்தேன். பிரசவ அறையில் படுத்திருந்தபோது அம்மா என்னிடம், “புங்கமரத்து நெழல்லதான் வச்சுருக்காக, குளுந்த எடம்” என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து நான் மனதில் வைத்திருந்தது புங்கமரத்தைத்தான்.

சொல்லலாமா என்று யோசித்தேன். மழையில் அவர் நின்ற இடம் இந்த மருதமரத்தடிதான். ஆனாலும் சொன்னேன். “அம்மா புங்கமரம்னு சொன்னாக.”

அவர் முகம் மாறியது. இரண்டு மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரோட்டிலிருந்து கையை நீட்டினால் இரண்டும் ஒரே திசையில்தான் வரும். “அப்ப நான் இம்புட்டு நாளா” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“எதுவும் தெரியல. ரெண்டுல ஒண்ணு” என்றேன்.

சித்தப்பா அந்த வருஷமே கொழும்புக்குப் போய்விட்டார். அப்பா ஊரில்தான் இருந்தார். கேட்டால் சொல்லியிருப்பார். நாங்கள் அப்போது போய்க் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. மருதமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் அவர் முன்னால் நடக்க நான் பின்னால் நடந்து புங்கமரத்துக்குப் போனோம். அங்கேயும் நின்றோம். புல்லும் சருகும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“நேரமாச்சு” என்றார்.

அம்மா வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார். உள்ளே வந்து ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். ஓடு ஏற்றும் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, இஞ்சினை நிறுத்தாமலே புறப்பட்டுப் போனார்.